பேர் அக்காவுக்கு, ஆள் தம்பிக்கு

“மூச்சை நல்லா இழுங்க... அப்படியே பிடிங்க... அசையாதீங்க” என்று தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து உத்தரவு போடும்போது எக்ஸ்ரே அக்கா ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலை ஆட்டிக்கொண்டிருப்பாள். இடது கை மேசையில் தாளம் போடும். கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போய்ப் போய் வரும். உதடு எதையோ முணுமுணுக்கும். உள்ளே நெஞ்சைப் பலகையில் ஒட்டிக்கொண்டு நிற்கிற நோயாளி, பாவம், தனக்காகத்தான் பிரார்த்தனை நடக்கிறது என்று உருகிப்போவார். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. அக்கா ஆப்பிரிக்க நாவல்களின் பெயர்களை வெளிவந்த வருஷ வரிசையில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்த மும்முரத்தில் ஒருமுறை “இப்ப விடலாம்” என்று சொல்ல மறந்துபோய், ஒரு பெரியவர் முகம் சிவந்து தானாகவே மூச்சை விட்டுவிட்டார். “நான் சொன்னேனா விடச் சொல்லி?” என்று அவரையே அதட்டினாளாம்.

நாள் முழுக்க ஊரையே அசையாமல் நிற்க வைப்பவளுக்கு, தான் மட்டும் ஒரு நிமிஷம் அசையாமல் இருக்கத் தெரியாது. பேருந்தில் இறங்கும் இடம் வருவதற்கு வெகு முன்பே எழுந்து வாசலில் தொங்குவாள். டீயை நின்றுகொண்டுதான் குடிப்பாள்; அதையும் பாதிதான். மீதி எங்கே என்று தேடிக் கிடைக்காமல் இன்னொன்று போட்டுக்கொள்வாள். ஜன்னல் திண்டில் ஒன்று, ஃபிரிட்ஜ் தலையில் ஒன்று, துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் ஒன்று என்று ஆறிப்போன கோப்பைகளைச் சாயங்காலம் அவள் கணவர் பொறுக்கி எடுப்பார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் சாந்தமான மனிதர். “உங்கக்கா எந்த வழியாப் போனாங்கன்னு யார்கிட்டயும் கேக்க வேணாம் மச்சான். கப்பைப் பாத்துக்கிட்டே வந்தாப் போதும்” என்று மைத்துனனிடம் சொல்லிச் சிரிப்பார்.

அந்த மைத்துனன், அதாவது அக்காவின் ஒரே தம்பி, லிஃப்ட் பழுது பார்ப்பவன். அக்காவும் தம்பியும் முதன்முதலாக நகர நூலகத்தின் வருடாந்தர வினாடி வினாவில் சேர்ந்தபோது எல்லாத் தலைப்பிலும் மண்ணைக் கவ்வினார்கள். விளையாட்டு, சினிமா, விண்வெளி, எதைத் தொட்டாலும் அதில் கரைகண்ட கூட்டம் ஒன்று முன்னால் நின்றது. தலைப்புகளைத் தொங்கவிட்ட பலகையில் கடைசிவரை யாரும் சீந்தாமல் கிடந்த அட்டை ஒன்றே ஒன்றுதான்: ஆப்பிரிக்க நாவல்களும் ஆசிரியர்களும். மாடியில் கழிவறைக்குப் பக்கத்து அலமாரி முழுக்க அந்தப் புத்தகங்கள் இருந்தன. ஊரை விட்டுப் போன யாரோ நூலகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனவை. ஒரு கையும் படாமல் புத்தம் புதிதாக இருந்தன. அக்கா அங்கேயே முடிவு செய்துவிட்டாள்.

“எந்த கவுண்டர்ல கூட்டம் இல்லையோ அதுல போய் நிக்கணும்டா. அவ்வளவுதான் சூட்சுமம்” என்றாள்.

அதற்கு அடுத்து அவர்கள் செய்த காரியம்தான் உலகத்தில் வேறு யாரும் செய்ய மாட்டார்கள். முழுசாகப் படிக்க அக்காவுக்குப் பொறுமை கிடையாது. அதனால் பாகம் பிரித்துக்கொண்டார்கள். “பேர் எனக்கு, ஆள் உனக்கு” என்றாள். நாவலின் தலைப்பு, வருஷம், அட்டைப்படம், வாங்கிய பரிசு எல்லாம் அக்காவின் பாகம். ஆசிரியர், அவர் நாடு, தாய்மொழி, முகம் எல்லாம் தம்பியின் பாகம். ஒருவர் பாதியை மற்றவர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அக்கா எக்ஸ்ரே அறை வாசலிலிருந்து ஃபோன் போட்டு, அவன் பாதியை ஒப்பிக்கச் சொல்வாள். “அக்கா, லிஃப்ட் கூண்டு மேல நிக்கிறேன், அப்புறம் கேளேன்” என்று கெஞ்சுவான் அவன். “நிக்கத்தானே செய்யறே? நின்னுக்கிட்டே சொல்லு!” என்பாள்.

போட்டி விதிப்படி ஒவ்வொரு அணிக்கும் ஒரு சிலேட்டு. தலைப்பு முதல் வரி, ஆசிரியர் இரண்டாம் வரி; இரண்டும் சரியாக இருந்தால்தான் புள்ளி. அக்கா முதல் வரியைக் கிறுக்கித் தள்ளிவிடுவாள். தம்பி வாங்கி இரண்டாவதை எழுதுவான். வேறு தலைப்பில் இடம் கிடைக்காமல் வந்து உட்கார்ந்த மற்றவர்கள் யோசிக்கத் தொடங்குவதற்குள் இவர்கள் சிலேட்டு மேலே நிற்கும். ஆப்பிரிக்க நாவல் போட்டியில் வருஷா வருஷம் கோப்பை இவர்களுக்குத்தான். பரிசு கொடுக்க வந்த ஒரு பேராசிரியர் “இவ்வளவையும் படிச்சிருக்கீங்களே!” என்று கண் கலங்கியபோது இரண்டு பேரும் கோப்பையைத் துடைக்கத் தொடங்கினார்கள். ஒரு நாவலில்கூட முதல் தாளைத் தாண்டி உள்ளே போனவர்கள் இல்லை என்பதை அவரிடம் எந்த வாயால் சொல்வது?

எல்லாவற்றையும் கெடுத்தது ஒரு மின்வெட்டு. தம்பி பழுது பார்க்கப் போன லிஃப்டிலேயே மாட்டிக்கொண்டான். கருவிப் பையில் நூலகப் புத்தகம் ஒன்று இருந்தது; பின்னட்டையில் இருந்த ஆசிரியர் படத்துக்காக எடுத்து வந்தது. பொழுது போகாமல் டார்ச் வெளிச்சத்தில் பிரித்தான். மின்சாரம் வந்து, ஆள் வந்து, கதவைத் திறந்தபோது, “ஒரு நிமிஷம் இருங்க, இந்த அத்தியாயத்தை முடிச்சுக்கிறேன்” என்றானாம். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். அதன்பிறகு ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கினான். அக்காவிடம் கதை சொல்ல வாயெடுப்பான்.

“கதை கிடக்கட்டும்டா. அதுக்கு மார்க் உண்டா?” என்று வெட்டிவிடுவாள்.

போன வருஷ இறுதிச் சுற்றில், கோப்பையைத் தீர்மானிக்கிற கடைசிக் கேள்வியாக வந்து நின்றது அந்த லிஃப்ட் புத்தகமேதான். அக்கா தலைப்பை எழுதிச் சிலேட்டைத் தள்ளினாள். தம்பி சாக்பீஸும் கையுமாக, முகமெல்லாம் பல்லாக அவள் பக்கம் திரும்பினான். “அக்கா, இதுதான்க்கா அது! அந்தப் பொம்பளை விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு, தையல் மிஷினைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு, வீட்டை விட்டு...” என்று தொடங்கினான். மணி அடித்துவிட்டது. இரண்டாம் வரி வெறுமையாக இருந்தது.

அக்கா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஒலிவாங்கி பக்கத்தில் இருக்கிறது என்பதுகூட உறைக்கவில்லை. “கதை கேக்கவாடா உன்னைக் கூட்டிட்டு வந்தேன்? படிக்காத வரைக்கும் நல்லாத்தான்டா இருந்தே!” என்றாள். கூடம் முழுக்க ‘கொல்’லென்று சிரித்தது. தம்பி சிலேட்டைக் குனிந்து பார்த்தான். யாரையும் பார்க்காமல் எழுந்து படியிறங்கிப் போனான்.

அன்றோடு பேச்சு நின்றது. குடும்பத்தில் நல்லது கெட்டது என்று கூடும்போது ஆளுக்கொரு மூலையில் இருப்பார்கள். நடுவில் கண்ணாடிக் கடைக்காரர் தூது போய் வருவார். “அவனைச் சாப்பிடச் சொல்லுங்க” என்பாள். அவர் போய்ச் சொல்வார். “சாப்பிட்டாச்சுன்னு சொல்லுங்க” என்பான். அவரும் திரும்பி வந்து, எதிரே நிற்பவளுக்குக் கேட்காத மாதிரி அதையே சொல்வார். அக்காவுக்குத் தம்பி இல்லாமல் இருப்புக் கொள்ளவில்லை, விஷயம் அவ்வளவுதான். ஆனால் மன்னிப்பு என்கிற வார்த்தை அவள் தொண்டையில் ஏறவே ஏறாது. பிறவிக் குணம். வீட்டில் பாதிக் கோப்பைகள் பெருகின.

இன்னொன்றும் அவளை அரித்தது. தையல் இயந்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் எங்கேதான் போனாள்? பல் தேய்க்கும்போது இந்தக் கேள்வி வரும். யாரோ ஒருவரின் விலா எலும்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும்போது வரும். கடைசியில் யாருக்கும் தெரியாமல் அந்தப் புத்தகத்தை எடுத்து வந்து, நடந்துகொண்டே படிக்கப் பார்த்தாள். நடந்தபடியே சக்கர நாற்காலியில் மோதிக்கொண்டதுதான் மிச்சம். “இவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகலை. இவ எப்ப மிஷின் வாங்கி, எப்ப தூக்கி, எப்ப கிளம்புறது?” என்று புத்தகத்தைத் திட்டினாள். கடைசிப் பக்கத்தைப் புரட்டினால் தீர்ந்தது. பலமுறை விரலைக் கொண்டுபோய்த் திரும்ப எடுத்துக்கொண்டாள். தெரிந்துகொண்டுவிட்டால் அப்புறம் அவனிடம் கேட்க என்ன இருக்கிறது? அந்த ஒரு கேள்வியைச் சாக்கு வைத்தாவது ஒருநாள் போய் நின்றுவிடலாம் என்று நினைத்தாள். அந்த ஒருநாள்தான் வரவே மாட்டேன் என்றது.

இந்த வருஷம் தம்பி தன் கம்பெனி ஆள் ஒருவனைச் சேர்த்துக்கொண்டு தனி அணியாகப் பேர் கொடுத்துவிட்டான் என்று தூதர் வந்து சொன்னார். “அப்ப நீங்க என் கூட வாங்க” என்றாள் அக்கா. மனுஷன் ஆடிப்போய்விட்டார். சாப்பாட்டு மேசையிலும் கடைக் கல்லாவிலும் அவருக்குப் பாடம் நடந்தது. எந்த நாவலைக் கேட்டாலும், தனக்கு எப்படியோ மனசில் தங்கிவிட்ட ஒரே ஆசிரியர் பெயரைத்தான் சொன்னார். ஒருநாள் கையெடுத்துக் கும்பிட்டு, “ஆசிரியர் பேரையும் நீயே மனப்பாடம் பண்ணிட்டா என்னம்மா? உன் தலைக்கு ஒரு வாரம்கூட வேணாம்” என்றார்.

“அது அவன் பாதி” என்றாள் அக்கா, சுவரைப் பார்த்துக்கொண்டு.

இறுதிச் சுற்றில் எதிரெதிர் மேசையில் உட்கார வேண்டியதாயிற்று. நூலகத்தின் மேல்மாடிக் கூடம் நிரம்பி வழிந்தது. கணவருக்குத் தெரிந்த அந்த ஒரே ஆசிரியர் அடிக்கடி விடையாக வந்த புண்ணியத்தில் அக்காவின் அணி இதுவரை ஒப்பேற்றியிருந்தது. தம்பி அக்கா பக்கம் திரும்பவே இல்லை. அக்கா கால் மாற்றிக் கால் போட்டாள், துப்பட்டாவை முறுக்கினாள், தண்ணீர் குடித்தாள், மறுபடியும் குடித்தாள். புள்ளிகள் சமமாக நின்றபோது கேள்வி கேட்கும் நூலகர் விளக்கை அணைத்துத் திரையில் இரண்டு படங்களைக் காட்டினார். இடப்பக்கம் ஒரு நாவலின் அட்டை; எழுத்துகளை மறைத்திருந்தார்கள். வலப்பக்கம் அதன் ஆசிரியர் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தபோது எடுத்த படம்.

அட்டையின் ஒரு மூலை தெரிந்ததுமே அக்காவுக்குத் தலைப்பு வந்துவிட்டது. எழுதிவிட்டு, பழக்க தோஷத்தில் சிலேட்டைப் பக்கத்தில் தள்ளினாள். கணவர் திருதிருவென்று விழித்துவிட்டு, தனக்குத் தெரிந்த அந்த ஒரே பெயரை அழகான கையெழுத்தில் எழுதினார். எதிர் மேசையில் தம்பி அந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்து லேசாகச் சிரித்தான். அந்தக் காதுகள் எத்தனை வயதானாலும் மாறாதவை, ஆளைக் கண்டுபிடித்துவிட்டான். ஆனால் அவர் எழுதியவை நிறைய. இது எது? கூட வந்தவன் உதட்டைப் பிதுக்கினான். தம்பி முதல் வரியை வெறுமையாக விட்டு இரண்டாவதில் எழுதினான்.

மணி அடித்தது. சிலேட்டுகள் எழுந்தன. நூலகர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். “இங்க தலைப்பு சரி, ஆசிரியர் தப்பு. அங்க ஆசிரியர் சரி, தலைப்பே இல்ல. ரெண்டு பேருக்கும் பூஜ்யம்” என்றார்.

பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. “சார், ரெண்டு சிலேட்டையும் பசை போட்டு ஒட்டிடுங்க சார்!”

கூடம் வெடித்துச் சிரித்தது. தம்பியின் தலை தாழ்ந்தது. சிலேட்டைக் குனிந்து பார்த்தான், போன வருஷம் பார்த்த மாதிரியே. அதை அக்கா பார்த்துவிட்டாள். அன்றைக்கு அத்தனை பேரையும் சிரிக்க வைத்தது நான்தானே, பெற்றவளுக்கு அடுத்தபடி நின்று அவனைத் தூக்கி வளர்த்த நானேதானே என்று உறைத்தது.

எழுந்தாள். நாற்காலியின் முதுகைப் பிடித்து இழுத்தாள். மேடைத் தரையில் அது கிறீச்சிட்ட சத்தத்தில் சிரிப்பெல்லாம் அடங்கிப்போயிற்று. “மேடம், உங்க டீம் அந்தப் பக்கம்” என்றார் நூலகர்.

“விடுங்க சார். இத்தனை நாள் இடம் மாறி உட்கார்ந்திருந்தாங்க” என்றார் கண்ணாடிக் கடைக்காரர், நிம்மதியாகச் சாய்ந்துகொண்டு.

அக்கா நாற்காலியைத் தம்பிக்கு நெருக்கமாகப் போட்டு உட்கார்ந்தாள். அவன் நிமிரவில்லை. அவள் தோளுக்கு இடம் வேண்டும் என்று கொஞ்சம் நகர்ந்து மட்டும் கொடுத்தான்.

“அந்தப் பொம்பளை...” என்று தொடங்கினாள். மேசையில் கிடந்த சாக்பீஸை நேராக்கி வைத்தாள். “மிஷினைத் தூக்கிட்டு எங்கடா போனா?”

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். “படிக்கலையா நீ? புத்தகம் உன்கிட்டதான் இருக்குன்னு லைப்ரரில சொன்னாங்களே.”

“நீ சொல்லுவேன்னு வச்சிருக்கேன்.”

அடுத்த கேள்வி திரையில் வந்துவிட்டது. நூலகர் மணிமேல் கையை வைத்துவிட்டார். தம்பி திரையைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். அக்கா அவன் சிலேட்டை எடுத்துக் கவிழ்த்து மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கைகளையும் மடக்கி வைத்துக்கொண்டு, “சொல்லு” என்றாள்.