வாசிக்காத மூன்றாவது ஓலை

"அதுல சிரிக்கிறதுக்கு என்னப்பு இருந்துச்சு?"

வடமதுரை டூரிங் கொட்டகை வாசலில் மிக்கேல்ராஜ் இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. படம் முழுக்கச் சிரித்துவிட்டு வெளியே வந்தவன் நான்.

மிக்கேல்ராஜ் அந்தக் கொட்டகையில் டிக்கெட் கிழிப்பவர். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிவிட்டது. இடுப்பைச் சாய்த்து, காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பார். இருபத்தொன்பது வயதில் ஒரு வழியாகச் சம்பந்தம் கூடியது. பெண், அய்யலூர் ஆட்டு வியாபாரி அருள்நாதனின் மகள் ரோஸ்மேரி. வேதக்கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில், இன்னாருக்கு இன்னார் என்று அறிவிக்கும் கல்யாண ஓலை வாசித்த பிறகுதான் தாலி கட்ட முடியும். இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது.

அந்த வாரம் புதிதாக ஒரு சிரிப்புப் படம் வந்தது. வாசலில் நிற்பவருக்குப் படம் பார்க்க ஏது நேரம்? உள்ளே எழும் சிரிப்புச் சத்தத்தை வைத்தே அவர் படத்தை எடைபோடுவார். வாசலில் நின்ற ஆறு வருடத்தில் இவ்வளவு சிரிப்பை அவர் கேட்டதே இல்லை. சனிக்கிழமை அருள்நாதன் மகளோடு வடமதுரைக்கு வந்திருந்தார். மிக்கேல்ராஜே போய் அழைத்தார்.

"மாமா, படம் பாத்துட்டுப் போங்க. சனம் வயித்தப் புடிச்சிக்கிட்டுச் சிரிக்குது."

"மாப்ளே சொன்னா சரிதான்" என்று அருள்நாதன் வந்தார். அவரைப் பெஞ்சில் உட்கார வைத்து, ரோஸ்மேரியைப் பெண்கள் பக்கம் அனுப்பிவிட்டு, மிக்கேல்ராஜும் செத்த நேரம் உள்ளேயே நின்றார்.

திரையில் ஒருவன் வந்தான். இடுப்பைச் சாய்த்து, காலை இழுத்து இழுத்து வந்தான். அவன் பின்னால் நாலு பேர் அதே மாதிரி நடந்தார்கள். அவன் சாக்கடையில் விழுந்தான். கொட்டகை அதிர்ந்தது.

ரீல் முடிந்தது. அங்கே ஒரே மிஷின்தான். அடுத்த ரீல் மாட்டும்வரை விளக்கைப் போட்டுவிடுவார்கள். வெளிச்சத்தில் ஒருவன் திரும்பிப் பார்த்தான்.

"ஏலே, நம்ம கேட்டுக்காரருடா!"

வாசலிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். மிக்கேல்ராஜ் போயாக வேண்டும். வாசல்வரை முப்பது எட்டு வைக்க வேண்டியிருக்கும். ஒவ்வோர் எட்டுக்கும் ஒரு சிரிப்பு.

"உங்களப் பாத்துத்தாண்ணே படம் புடிச்சிருக்கான்!"

"இன்னொருவாட்டி நடங்கண்ணே, காசு குடுத்துல்ல வந்திருக்கோம்!"

அவர் நடந்தார். பெண்கள் பக்கம் எல்லோரும் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார்கள். ரோஸ்மேரியும் பொத்தியிருந்தாள். சிரிப்பை மறைக்கவா, வேறு எதற்காகவாவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் பூசைக்கு முன்னால் கோயில் வாசலில் அருள்நாதன் காத்திருந்தார்.

"தம்பி" என்றார். மாப்ளே என்று சொல்லவில்லை. "கால் எனக்குத் தெரியாததா? பாத்துத்தான சம்மதிச்சேன். ஆனா நாளைக்கு எம்பொண்ணு ஒங்ககூடச் சந்தைக்குள்ள நடந்தா, நேத்துச் சிரிச்ச சிரிப்பு அவ மேலயும் விழும். வேணாம் தம்பி. சாமியார்கிட்டச் சொல்லிட்டேன்."

"ரோஸ்மேரி என்ன சொல்லுச்சு மாமா?"

"அவ ஒண்ணும் சொல்லல."

பூசையில் வேறு யாருடைய ஓலையோ வாசித்தார்கள். மிக்கேல்ராஜ் மற்றவர்களோடு முழந்தாள் படியிட்டார், எழுந்தார். சாயங்காலம் கொட்டகை வாசலுக்குப் போய்விட்டார். "சிரிப்புக்குன்னு எடுத்திருக்கான்ப்பா, ஒன்னயவா சொன்னான்?" என்றார் கொட்டகை முதலாளி. மிக்கேல்ராஜ் தலையாட்டினார்.

படம் இன்னும் ஒன்பது நாள் ஓடியது. தினமும் அதே இடத்தில் அதே சிரிப்பு. அவர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டிருந்தார். அழவில்லை, யாரையும் வையவில்லை. கடைசி நாள் முதல் ஆட்டம் விட்டதும்தான் என்னிடம் அதைக் கேட்டார். மணி என்ன என்று கேட்பதுபோலத்தான் கேட்டார்.

இப்போது பதில் தெரியும். ஒன்றுமே இல்லை. நடித்தவர் வேடத்தைக் கலைத்துவிட்டு நேராக நடந்து வீட்டுக்குப் போயிருப்பார். மிக்கேல்ராஜுக்கு இருப்பது அந்த ஒரு நடைதான். இப்படிச் சிரிக்க வைக்கும் படங்கள் இன்னும் வருகின்றன. டிக்கெட் வாங்க நிற்கும்போது, பக்கத்தில் நிற்பவரிடம் மிக்கேல்ராஜின் கதையைச் சொல்லுங்கள். கேட்டவரை இன்னொருவருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.