மிக்கேல் அண்ணனுக்கு எதற்குப் பொன்னாடை?

‘ஞாயிற்றுக்கிழமை மிக்கேலுக்குப் பொன்னாடை போர்த்துறோம், வந்துரு’ என்று அசோசியேஷன் தலைவர் போனில் சொன்னார். எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது.

எங்கள் ஊரில் பொன்னாடை இரண்டு பேருக்குத்தான். புதிதாக வந்தவருக்கு, அல்லது போகிறவருக்கு. மிக்கேல் அண்ணன் எங்கிருந்தும் வரவில்லை. அப்படியென்றால்...?

அவர் யார் என்று சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடியில், கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கும் வள்ளங்களுக்கு, அதாவது படகுகளுக்கு, ஓர் அசோசியேஷன் இருக்கிறது. எனக்கும் ஒரு வள்ளத்தில் பங்கு உண்டு. கரைக்கு வரும் சங்கை மிக்கேல் அண்ணன் ஒரு பித்தளை வளையத்தில் வைத்துப் பார்ப்பார். வளையத்துக்குள் புகுந்து விழுந்தால் சின்னச் சங்கு — திருப்பிக் கடலில் போட வேண்டும். விழாமல் நின்றால் விற்கலாம். அவரைத் தேர்ந்தெடுப்பது பொதுக்குழு. நீக்குவதும் பொதுக்குழுதான், அதுவும் காரணம் சொல்லி. தலைவரால் முடியாது. இந்த விதியை எழுதியவர்களும் என்னைப்போல் சந்தேகக்காரர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அதே வாரம் டீக்கடை டிவியில் அமெரிக்கச் செய்தி ஓடியது. தனித்து இயங்க வேண்டிய அமைப்புகளின் தலைவர்களை, காரணமே சொல்லாமல் ஜனாதிபதி நீக்கலாமா என்று அங்கே கோர்ட்டில் வாதம். ஜனங்கள் ஓட்டுப் போட்டது ஜனாதிபதிக்குத்தானே, ஆளை வைப்பதும் எடுப்பதும் அவர் உரிமைதானே என்கிறது ஒரு தரப்பு. நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். ஆனாலும் இது நன்றாகவே புரிந்தது.

ஞாயிறு பூசை முடிந்து கூட்டம். தலைவர் மிக்கேல் அண்ணனை வானளாவப் புகழ்ந்தார். உழைத்தது போதும், இனி வீட்டில் ஓய்வெடுக்கட்டும் என்றார். பொன்னாடையையும் விரித்துவிட்டார். அண்ணன் தரையைப் பார்த்தபடி நின்றார். ஆழத்தில் சங்கு குளித்துக் குளித்து ஒரு காது போனவர். இந்த வேலையை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு இல்லை.

கூட்டத்தில் எழுந்து பேச எனக்கு வராது. பக்கத்திலிருந்த சேவியரின் காதில், என்ன காரணமாம் என்று மட்டும் முணுமுணுத்தேன். அந்தப் பாவி எழுந்துவிட்டான்.

“தலைவரே, காரணம் என்னன்னு இவன் கேக்கான்.”

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின.

“காரணம் என்னத்துக்குல?” என்றார் தலைவர். “என்னையத்தான ஓட்டுப் போட்டு வச்சிருக்கீங்க? ஒரு ஆள மாத்தக்கூட எனக்கு உரிமை இல்லையா?”

அப்போதுதான் மிக்கேல் அண்ணன் வாயைத் திறந்தார். “போன வாரம் ஒங்க வள்ளத்துச் சங்கப் பாதிக்கு மேல கடல்ல போடச் சொன்னேன். அதுதான காரணம்? அதச் சொல்லிட்டுப் போத்துங்க தலைவரே.”

பின்வரிசையில் யாரோ, பொன்னாடையை மடித்து வையுங்கள், அடுத்த கல்யாணத்துக்கு ஆகும் என்றார். சிரிப்பு அடங்கியதும் கை தூக்கச் சொன்னார்கள். மிக்கேல் அண்ணனே இருக்கட்டும் என்று முக்கால்வாசிக் கைகள் உயர்ந்தன.

தலைவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். இல்லை... சிரித்தார்! அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

“பொதுக்குழு சொன்னா சரிதான். மிக்கேலே இருக்கட்டும். அந்தப் பழைய வளையம் தேஞ்சு, ஓட்டை பெருசாயிட்டு. என் செலவுலயே புதுசு செஞ்சு தாரேன்.”

எல்லோரும் கை தட்டினார்கள். சேவியரும்தான்.

ஆளை மாற்றுவதற்கு ஆயிரம் தடை வைத்திருக்கிறோம். அளவை மாற்றுவதற்கு? அதற்குக் கை தட்டுகிறோம். அமெரிக்காவில் எப்படியோ, அவர்களும் கொஞ்சம் வளையத்தைக் கவனிப்பது நல்லது.

புது வளையம் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் அல்லவா? பழையதை மிக்கேல் அண்ணனிடம் கேட்டு வாங்கி, என் வீட்டு அரிசி டப்பாவுக்குள் வைத்திருந்தேன்.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியைத் தலைவர் வாரம் தவறாமல் படிப்பவர் — எழுதி முடித்த கையோடு வளையத்தை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டேன்.