மாரித்தாய் வெட்டிய குழி

தாயில்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. பட்டாசுக் கம்பெனிக்குப் போய் வருகிறவர்கள் ஊருணியில் கை கால் கழுவி, துணியை அலசிவிட்டுத்தான் வீட்டுப்படி மிதிக்க வேண்டும். உடம்பில் ஒட்டிய வெடிமருந்து அடுப்படிக்குப் போய்விடக் கூடாதே என்ற பயம். நல்ல பயம்தான். அதே ஊருணியில்தான் குடிக்கவும் தண்ணீர் எடுத்தோம். அந்தப் பயம் மட்டும் எங்களில் ஒருவருக்கும் வரவில்லை. நானும் அங்கேதான் கழுவினேன், என்னை விலக்கிவிட்டு எழுதவில்லை.

அந்தப் பயம் வந்தது மாரித்தாய் ஒருத்திக்குத்தான். கம்பெனியில் வெடிக்கு மருந்து அடைக்கிறவள். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். ஒருநாள் சேலை அலசிய தண்ணீரை மண்சட்டியிலேயே மறந்து வைத்திருக்கிறாள். நாலு நாள் வெயிலில் அது வற்றி, சட்டியின் அடியில் வெள்ளையாக வெடியுப்புப் படிந்திருந்தது. மறுநாள் முதல் அவள் கழுவ ஊருணியில் இறங்கவில்லை. ஒரு குடம் தண்ணீர் மொண்டு போய், வீட்டுக்குப் பின்னால் பொட்டலில் குழி வெட்டி, களிமண் பூசி, அதற்குள் கழுவினாள்.

"மருந்த வீட்டுப் பக்கமே கொண்டு போறா, கொழுப்பப் பாரு" என்றார்கள். ஊரோடு ஒத்து வாழத் தெரியாதவள் என்று நானும் சொன்னேன்.

அறுபத்து நாலாம் வருஷம் பங்குனியில், பக்கத்து வீட்டு மூக்கம்மாளின் வெள்ளாடு அந்தக் குழியில் வாய் வைத்தது. ஆட்டுக்கு உப்பென்றால் உயிர். ஆசை தீரக் குடித்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் செத்தது. சினை ஆடு.

ஊர் கூடியது. நடுவில் ஆட்டைக் கிடத்தியிருந்தார்கள். மூக்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மாரித்தாய் பிள்ளைகள் இருவரையும் பிடித்தபடி நின்றாள்.

நாட்டாமை ராக்கப்பன் தொண்டையைச் செருமினார். "ஏத்தா, ஊரே ஊருணியில களுவுது. ஒரு ஆடு செத்துச்சா? ஒனக்கு மட்டும் என்ன தனி வழி? குழிய மூடிட்டு நாளையில இருந்து எல்லாரையும் போல களுவு. மாட்டேன்னா, ஊருணியில கொடம் வைக்கக் கூடாது."

ஊருணியை விட்டால் அடுத்த தண்ணீர் மூன்று மைல். வேலைக்கும் போய்க்கொண்டு, அந்த வெயிலில் அவள் எப்படிச் சுமப்பாள்? ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை.

"ஆடு செத்தது என் தப்புதான்" என்றாள் மாரித்தாய். "வேலி போடாம விட்டுட்டேன். மதினி, என் வீட்டுச் சினையாட்டப் பிடிச்சுக்கோங்க. ஆனா ஊருணியில களுவ மாட்டேன். அந்தக் குழியில கெடக்குறது ஒருத்தி களுவுன தண்ணி, நாட்டாமை. நாலு மாசத் தண்ணி. ஊருணியில எம்புட்டுப் பேரு களுவுறீக?"

"ஊருணி பெருசுத்தா."

"பங்குனி பொறந்துருச்சு. அதுவும் வத்திக்கிட்டுத்தான வருது?"

எங்கள் தெருவில் மட்டும் கம்பெனிக்குப் போகிறவர்களை மனசுக்குள் எண்ணினேன். நாற்பதைத் தாண்டியதும் நிறுத்திக்கொண்டேன். ராக்கப்பனுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருந்தது. சொன்ன சொல்லை அவர் மாற்றவில்லை. கூட்டம் கலைந்தது.

மறுநாள் விடியற்காலையில் மாரித்தாய் வெறுங்குடத்தோடு ஊருணிக் கரைக்கு வந்தாள். இறங்கவில்லை. ராக்கப்பன் ஆலமரத்தடியில் துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் குடத்தை முக்காமல் நின்றார்கள். அவள் இறங்கினால் என்ன நடக்குமோ என்று ராக்கப்பனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூக்கம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அடிக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். அவள் மாரித்தாயின் இடுப்பிலிருந்த குடத்தைப் பிடுங்கினாள். படியிறங்கி, நீரை விலக்கி முக்கி எடுத்து, திரும்ப அவள் இடுப்பிலேயே வைத்தாள்.

"மூக்கம்மா!" என்றார் ராக்கப்பன்.

"என்ன நாட்டாமை? ஆடு செத்தவ நான். நேத்து ராத்திரி பூரா என் புள்ளைகளுக்கு இந்தத் தண்ணியக் குடுக்கக் கை வரல. இதுல மருந்தக் களுவாதவ ஊர்லயே இவ ஒருத்திதான். இவளுக்கா தண்ணி இல்ல?"

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். தலைகுனிந்து நின்ற எனக்கு, வாழ்நாளில் அப்படி ஒரு வெட்கம் வந்ததில்லை.

அன்று சாயங்காலம் கம்பெனி விட்டு வந்தவன் ஊருணிப் பக்கம் திரும்பவில்லை. மேலெல்லாம் மருந்தோடு வீட்டுக்குப் பின்னால் போய், முதலில் முள் வெட்டி வேலி போட்டேன். பிறகுதான் குழி வெட்டினேன்.