திறக்காத மூடி

அடையாறில் தனியாக இருக்கிறேன். தோள்வலியில் வலது கையின் பிடி தளர்ந்து, புது ஊறுகாய் பாட்டிலைக்கூடத் திறக்க முடியவில்லை. பெருங்குடி ஆபீசுக்கு எடுத்துப்போவேன். பக்கத்து சீட்டுக்காரர், "இன்னா மேடம், மறுபடியும் ஊறுகாயா?" என்று சிரித்தபடி ஒரே திருகில் திறந்து தருவார். அங்கே வேலையைத் தவிர வேறு பேச்சு என்னிடம் யாரும் பேசுவது அப்போது மட்டும்தான்.

ஆபீசுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட், "மேஜை உசரம். நாள் பூரா தோளைத் தூக்கிவெச்சே டைப் அடிக்கிறீங்க" என்றார். இத்தனை வருஷம் ஒருவர் கண்ணிலும் படவில்லையே என்று எரிச்சல் வந்தது. நாற்காலியை உயர்த்தி, அழுத்திப் பழக ரப்பர் பந்தும் கொடுத்தார்.

மூன்று மாதத்தில் பிடி திரும்பியது. நேற்று புது பாட்டிலை வீட்டிலேயே திறந்துவிட்டேன். பிறகு முழு பலத்தோடு இறுக்கி மூடி, ஆபீஸ் பையில் வைத்தேன்.