ஒரு பக்கம் மட்டும் ஏன் உயரம்?

ஆயுத பூஜை விடுமுறை முடிந்த முதல் நாள். தேனியில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்குக் காமயகவுண்டன்பட்டி திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். மருந்தடிக்கும் பம்பின் தலைப்பகுதி உடைந்துபோயிருந்தது. இலைகளில் சாம்பல் நோய் ஏறிக்கொண்டிருந்தது. புதுத் தலை செய்ய எங்களிடம் இருந்ததோ ஒரே ஒரு வார்ப்பு. அதை வீணாக்கினால் அடுத்தது வர ஒரு வாரம் ஆகும்.

வார்ப்பை அசையாமல் பிடித்துக்கொள்ளும் ஃபிக்ஸரை சி.என்.சி. மெஷின் மேசையில் பூட்டினேன். மெஷினுக்குக் கண் கிடையாது. பூஜ்யம் எங்கே இருக்கிறது என்று நாம்தான் எண்ணால் சொல்ல வேண்டும், அதுதான் ஆஃப்செட். மூன்று எண்களைத் தட்டினால் அவ்வளவு பெரிய இரும்பு நான் சொன்ன மூலையை நம்பிவிடும். அது எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

தட்டினேன். ஸ்டார்ட்டை அமுக்குமுன், லேத் ஓட்டும் அண்ணன் கடைந்து தந்திருந்த மேல்முகத்தில், மட்டம் பார்க்கும் டயலை ஓட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் முள் எகிறியது. நூற்றைம்பது மைக்ரான், ஏறக்குறைய இரண்டு தலைமுடிக் கனம்! உயரத்துக்கான எண்ணை மாற்றினேன். மாற்றியபிறகுதான் உறைத்தது: ஆஃப்செட் மொத்தமாக ஏற்றும், இறக்கும், சாய்வை நிமிர்த்தாது.

“அண்ணே, ஒங்க கடைசல் கோணலா இருக்கு,” என்றேன் லேத் அண்ணனிடம்.

“ஏ ஆத்தா, டிப்ளமோவுல அடுத்தவன் மேல பழி போடத்தான் சொல்லிக் குடுத்தாகளா?”

எது கோணல் என்று பார்த்துவிட ஆசை. வார்ப்பைக் கழற்றி அரைவட்டம் திருப்பி மாட்டினேன். உயர்ந்த பக்கமும் கூடவே திரும்பினால் கடைசல்தான் கோணல். திரும்பவில்லை. பழைய இடத்திலேயே நின்றது. அப்படியானால் ஃபிக்ஸர்.

மறுபடி கழற்றினேன். வார்ப்பு உட்காரும் மூன்று தட்டைக் குமிழ்களில் ஒன்று விரலுக்குச் சொரசொரத்தது. நகத்தால் சுரண்ட, மஞ்சளாக உதிர்ந்தது. சந்தனம். பூஜையன்று எல்லோரும் மெஷின் கதவுக்குப் பொட்டு வைக்க, நெற்றி மாதிரி இருக்கிறதே என்று அந்தக் குமிழுக்கு வைத்தவள் நான்தான். காலையில் துடைத்தபோது குங்குமம் மட்டும் போயிருக்கிறது.

“பக்தியை மைக்ரான்ல அளந்த மொத ஆளு நீதான் ஆத்தா,” என்று லேத் அண்ணன் சிரித்தார்.

தோட்டக்காரர் பதறி எழுந்தார். “சாமி குத்தமா, மெஷின் குத்தமா ஆத்தா?”

“ரெண்டுமில்லய்யா. என் குத்தம்.”

குமிழைத் தின்னரில் துடைத்து, வார்ப்பை மாட்டி, எண்ணைப் பழையபடி வைத்தேன். இப்போது முள் அசையவில்லை. ஸ்டார்ட்டை அமுக்கினேன். முடிந்ததும், தோட்டக்காரர் எண்ணெய் சொட்டச் சொட்ட அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு கம்பம் பஸ்ஸுக்கு ஓடினார்.

“பொழுது சாயறதுக்குள்ள மருந்தடிச்சிருவேன்!”