ஓடுகிற இன்ஜினும் ஒரு குழந்தையும்

மேஸ்திரி ஐந்தாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவர். அதனால் என்ன குறைந்துபோனது? லாரிப் பட்டறைத் தெருவில் அவர் கொடிதான் பறந்தது. ஸ்குரூ டிரைவரின் நுனியை இன்ஜினில் ஊன்றி, பிடியைக் காதில் வைப்பார். எந்த பேரிங் போயிருக்கிறது என்று அப்படியே சொல்லிவிடுவார். தன் கையை ஊன்றித் தானே எழுந்த ஆள். அவர் பட்டறையில் சட்டம் ஒன்றுதான்: நன்றாக ஓடுகிற இன்ஜினில் கை வைக்காதே.

பேத்திக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போடப் போவதாக மகள் பட்டறைக்கு வந்து சொன்னபோதும் அதே சட்டம்தான். போனில் வந்த ஏதோ ஒரு வீடியோவும் அவருக்கு ஒத்து ஊதியது.

"பிள்ளை கும்முனு இருக்கா. ஓடுற வண்டியை எதுக்கும்மா பிரிக்கணும்?"

"நர்ஸம்மா கட்டாயம் போடணும்னாங்கப்பா."

"அந்தம்மா எத்தனை இன்ஜின் இறக்கியிருக்கு?"

பட்டறையே சிரித்தது. அந்தச் சூட்டோடு சூடாக, லாரிக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பிலும் இதையே பேசி அனுப்பினார். அது எங்கெங்கோ சுற்றியது. முகம் தெரியாதவர்கள் எல்லாம் போன் போட்டு, "ஐயா, நச்சுனு சொன்னீங்க" என்றார்கள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மகளும் ஊசியை விட்டுவிட்டாள்.

பேத்திக்கு இரண்டு வயது நடக்கும்போது தட்டம்மை கண்டது. காய்ச்சல் மூளை வரை போய், பிள்ளை பிழைத்து வந்ததே பெரும்பாடாகிவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகு, கூப்பிட்டால் திரும்பவில்லை.

"அசதியா இருக்கும்" என்றார் மேஸ்திரி.

ஒரு நாள் அவளைப் பட்டறைக்குத் தூக்கிவந்து தரையில் உட்கார வைத்தார். அவள் முதுகுக்குப் பின்னால், இரும்புத் தகட்டின் மேல் பெரிய ஸ்பேனரைப் போட்டார். வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. பேத்தி கையிலிருந்த நட்டை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

இன்னொரு முறை போட்டார். ஸ்பேனரை எடுக்கக் குனிந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அன்றே குரூப்பில் மறுபடி பேசினார். "நான் மேஸ்திரி பேசறேன். அன்னிக்கு நான் சொன்னது தப்பு. என் பேத்திக்குக் காது போயிடுச்சு. இன்ஜின்னா பிரிச்சு மாட்டிடுவேன். இதை என்னால மாட்ட முடியல. பிள்ளைங்களுக்கு ஊசி போடுங்க."

பதில்கள் வந்தன.

"மேஸ்திரியை எவனோ வளைச்சுட்டான்."

"இது அவர் குரலே இல்ல. கம்ப்யூட்டர்ல செஞ்சது."

அதற்குக் கீழேயே ஒருவன் அவருடைய பழைய பேச்சை எடுத்துப் போட்டு, 'இதுதான் ஒரிஜினல்' என்று எழுதியிருந்தான்.

மகள் எட்டிப் பார்த்தாள். "பழசு இன்னும் சுத்துதா?"

"சுத்துதும்மா."

"சுத்தாம என்ன. நல்லா பேசியிருந்தீங்க. நானே நம்பினேனே."

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அன்று பாராட்டியவர்களின் நம்பரை ஒவ்வொன்றாகத் தேடி அழைக்க ஆரம்பித்தார் மேஸ்திரி. முதல் ஆள் எடுத்தான்.

"நான் மேஸ்திரி பேசறேன் தம்பி. உங்க வீட்ல சின்னப் பிள்ளை இருக்கா?"

"எந்த மேஸ்திரி? ஒரிஜினலா, டூப்பா?"

சிரிப்புச் சத்தத்தோடு போன் கட்டானது. அவர் அடுத்த நம்பரை அழுத்தினார்.