ஆன்சனுக்கு வைத்த அதே டைட்

இருட்டில் நடந்ததல்ல இது. போன சித்திரையில், உச்சி வெயிலில் நடந்தது. கட்டுக்கதை என்பவர்கள் பழங்காநத்தம் சூரியபிரகாஷிடமே கேட்டுக்கொள்ளலாம். நிமிடம் தவறாமல் சொல்வான்.

அவனும் நண்பன் ஆன்சனும் வாங்கியது ஒரே மாடல் க்ரூஸர் பைக். பின்பக்க ஷாக் அப்சார்பரை மாற்றியதில் இருந்து ஆன்சனின் வண்டி பள்ளம் மேடு தெரியாமல் போனது.

"அந்த அண்ணன் வண்டி தொட்டிலாட்டம் போகுது. நம்மளது மாட்டு வண்டி" என்றாள் மனைவி ஆர்த்திகா.

சூரியபிரகாஷுக்கு வயிறு எரிந்தது. நேராக மெக்கானிக் காளையிடம் போனான்.

"அண்ணே, ஆன்சனுக்குப் போட்ட அதே ஷாக். அதே டைட்."

"வேணாம் மாப்ள. உக்கார்ற வெயிட்டைப் பார்த்துத்தான் ஸ்ப்ரிங்கை முறுக்கணும். அந்தப் பய ஒத்தையில ஓட்டுறவன், ரெண்டு ஆளுக்கு முறுக்கச் சொன்னான். ஏன்டான்னா வாயைத் தொறக்கல."

"அவனுக்கு எம்புட்டோ எனக்கும் அம்புட்டு!"

காளை தலையில் அடித்துக்கொண்டு முறுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மேலூரில் இருந்து திருவாதவூர் ரோட்டில் தனியாக ஓட்டிப் பார்த்தான். டம்... டம்... வண்டி கட்டையாகக் குதித்தது. இடுப்பு கழன்றது. ஆன்சன் பார்த்தால் சிரிப்பானே என்று பல்லைக் கடித்தான்.

கண்மாய்க்கரை வளைவு. மணி 12.20.

ஸ்ஸ்... பின்பக்கம் மெல்ல அமுங்கியது. குலுக்கல் நின்றது. வளைவில் வண்டி அலுங்காமல் திரும்பியது.

"இப்ப வாடா ஆன்சன்!" என்று கத்தினான்.

வேப்பமரத்தடியில் நிறுத்தி இறங்கினான். ஆள் இறங்கினால் ஷாக் எழும்ப வேண்டும்.

எழும்பவில்லை.

பின்சீட்டைத் தொட்டான். அந்த வெயிலில்... சில்லென்று இருந்தது.

12.31. போன் அடித்தது. ஆன்சன்.

"மாப்ள... அதே டைட்டு வச்சேன்னு காளை அண்ணன் சொன்னாரு. உன் வண்டி குதிக்குதா?"

"குதிக்கவா? உன் வண்டிய விட சூப்பரா போகுது!"

மறுமுனையில் விசும்பல். பிறகு அழுகை.

"மன்னிச்சிரு மாப்ள. அஞ்சு மாசமா என் வண்டி, பின்னாடி யாரோ உக்காந்திருக்க மாதிரி அமுங்கியே கெடந்துச்சு. அதுக்குத்தான் ரெண்டு ஆளு டைட்டு. இப்ப வாசல்ல நிப்பாட்டித் தொடச்சுக்கிட்டு இருந்தேன்... பன்னண்டு இருவதுக்கு டக்குன்னு எந்திருச்சிருச்சு."

காளை வேறு ஷாக் மாட்டிப் பார்த்தார். இன்றுவரை எழும்பவில்லை.

ஆன்சன் தினமும் சூரியபிரகாஷின் தெரு வழியாகத்தான் வேலைக்குப் போகிறான். ஒற்றை ஆளாக. டம்... டம்... என்று குதித்துக்கொண்டு.

கேட்டைப் பிடித்தபடி, அவன் தெருமுனை தாண்டும்வரை பார்க்கிறான் சூரியபிரகாஷ். அந்தக் குலுக்கல் தனக்கு வாய்க்காதா என்று.